நிலைத்த வாழ்வுக்குக் கணக்கெழுதிய குமரப்பா

உழவன் ஒருவன் தன் களஞ்சியத்தில் இருவகை நெல்லைச் சேர்த்து வைக்கிறான். ஒன்று, ஆண்டுதோறும் விளைந்து வருவது. மற்றொன்று, அடுத்த விதைப்புக்கென ஒதுக்கிய விதைநெல். விளைவை உண்டு வாழும் குடி நெடிது வாழும். விதைநெல்லை உண்ணும் குடியோ, அவ்வாண்டில் வயிறு நிறைந்தாலும் மறு ஆண்டில் தாழ்ந்துபோம். இவ்வுண்மையை எழுத்தறியா மக்களும் அறிவர். ஒரு குடிக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஓர் ஊருக்கும், ஒரு நாட்டுக்கும், இவ்வுலகுக்கும் பொருந்துமன்றோ? நாடுகள் விளைவை உண்கின்றனவா, விதைநெல்லை உண்கின்றனவா? இவ்வினாவை எழுப்பி, கணக்கிட்டு விடை கண்டு, கண்ட விடையின்படியே தாமும் வாழ்ந்து காட்டிய பெருந்தகை ஒருவர் தமிழகத்தில் தோன்றினார். அவரே ஜே. சி. குமரப்பா.

பிறப்பும் இளமையும்

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். தந்தையார், அரசாங்கப் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். தாயார் எஸ்தர் இராசநாயகம். கிறித்தவ சமயத்தில் ஆழ்ந்த பற்றும் ஒழுங்கான வாழ்க்கையும் உடைய குடும்பம் அது. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பதாகும். குமரப்பா என்பது அக்குடும்பத்து முன்னோரின் பெயர். நாட்டுப்பற்று மிகுந்த பின்னரே அவர் அம்முன்னோர் பெயரைத் தம் பெயராக மேற்கொண்டார். அவருடன் பிறந்த பாரதன் குமரப்பாவும் பிற்காலத்தில் காந்தியடிகளின் தொண்டில் ஈடுபட்டவரே.

சென்னையில் கல்வி பயின்ற குமரப்பா, பின்னர் இலண்டன் மாநகர் சென்று கணக்குத் தணிக்கைக் கலையைக் கற்றார். முதல் உலகப் பெரும்போர் நிகழ்ந்த காலத்தில் அந்நகரிலேயே தங்கி, அக்கலையில் தேர்ச்சியும் பெற்றார். தாயாரின் விருப்பத்திற்கு இணங்கி 1919-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, பம்பாயில் தணிக்கைத் தொழிலை மேற்கொண்டார். தொழில் பெருகிற்று; பொருளும் சேர்ந்தது. உடை, உணவு, பழக்கவழக்கம் ஆகிய யாவற்றிலும் அவர் அக்காலத்தில் மேனாட்டாரைப் போன்றே வாழ்ந்து வந்தார்.

தணிக்கையாளரின் தொழில் நுட்பம் மிக்கது. ஒரு வணிக நிலையம், இவ்வாண்டில் இவ்வளவு ஊதியம் கிடைத்தது எனக் கணக்குக் காட்டும். தணிக்கையாளர் அதனை அவ்வாறே ஏற்பதில்லை. அவ்வூதியம் உண்மையாக ஈட்டப்பட்டதா, அன்றி முதற்பொருளில் ஒரு பகுதியை எடுத்து ஊதியமெனக் காட்டியிருக்கின்றனரா என அவர் துருவி ஆராய்வார். முதற்பொருளைத் தின்று அதனை ஊதியமென்று மகிழும் வணிகன், தன் கடையைத் தானே இடிப்பவன் ஆவான். இவ்வாராய்ச்சிக் கண் குமரப்பாவுக்கு இளமையிலேயே வாய்த்தது. முதலில் வணிகரின் ஏடுகளைப் பார்த்த அக்கண், பின்னர் ஒரு பேரரசின் ஏடுகளைப் பார்த்தது. முடிவில் இயற்கையின் ஏட்டையே பார்க்கலாயிற்று.

வறுமையின் காரணத்தை ஆராய்தல்

குமரப்பா மேலும் கற்க விரும்பி அமெரிக்க நாடு சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1928-ஆம் ஆண்டு வணிக நிருவாகத் துறையில் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கு நகரிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், செலிக்மன் என்னும் புகழ்பெற்ற பேராசிரியரிடம் அரசாங்க வரவுசெலவு பற்றிய பொருளியலைப் பயின்றார். அந்நாட்களில் ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் வறுமையுற்றது என்பது குறித்து அவர் சொற்பொழிவு ஆற்றினார். அச்செய்தி நாளிதழில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர், அப்பொருளையே ஆராய்ச்சிக்குரியதாகக் கொள்ளுமாறு மாணவர்க்கு அறிவுறுத்தினார்.

குமரப்பா ஆங்கில அரசாங்கத்தின் கணக்கேடுகளை எடுத்துத் தணிக்கை செய்யத் தொடங்கினார். ஏழை உழவன் செலுத்தும் வரி எங்கே செல்கிறது? படைக்கும், உயர் அலுவலரின் சம்பளத்திற்கும், கடனுக்கான வட்டிக்குமாக அதன் பெரும்பகுதி செலவாகிறது. கல்விக்கும் நலவாழ்வுக்கும் உழவுக்கும் சிறுபகுதியே திரும்பி வருகிறது. கடலினின்று நீரை முகந்த மேகம் அதனை நிலத்திலே பொழியவேண்டும். இங்கேயோ நிலத்தினின்று முகந்த நீர் கடல்கடந்து பொழிந்தது. ஆங்கில ஆட்சியை நன்மை தருவதென எண்ணியிருந்த அவர், தம் கையாலேயே போட்ட கணக்கின் முடிவைக் கண்டு உள்ளம் மாறினார். மேனாட்டு நாகரிகத்தில் திளைத்த தணிக்கையாளர் நாட்டுத் தொண்டராக மாறியது இவ்வாறேயாம்.

காந்தியடிகளைக் காணல்

1929-ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய குமரப்பா, தம் ஆராய்ச்சி நூலைக் காந்தியடிகளிடம் காட்ட விரும்பினார். அவ்வாண்டு மே திங்கள் 9-ஆம் நாள் பிற்பகலில், சபர்மதி ஆசிரமத்தில் அடிகளைக் காண அவருக்கு நேரம் குறிக்கப்பெற்றது. மேனாட்டு உடை அணிந்து, கையில் தடி ஊன்றி, அவர் முன்னதாகவே அங்குச் சென்றார். வழியில் ஒரு மரத்தடியில், சாணத்தால் மெழுகிய தரைமீது முதியவர் ஒருவர் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இராட்டையை அதற்குமுன் கண்டறியாத குமரப்பா, தடியின்மேல் சாய்ந்தவாறு அதனை வியப்புடன் பார்த்து நின்றார். குறித்த நேரம் நெருங்கியது. முதியவர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னர்ப் புன்முறுவலோடு அவர் பெயரைச் சொல்லி, அவர்தாமோ என வினவினார். அம்முதியவரே காந்தியடிகள் என்பதைக் குமரப்பா அப்போதுதான் உணர்ந்தார். உடனே, விலையுயர்ந்த தம் உடையையும் பாராது, அச்சாணத்தரையிலேயே அமர்ந்தார். அன்று தரையில் அமர்ந்தவர், தம் வாழ்நாள் முழுதும் அத்தரையைவிட்டு எழவில்லை எனலாம்.

அடிகள் அந்நூலைத் தம் யங் இந்தியா இதழில் வெளியிட இசைந்தார். அதனோடு அமையாது, குஜராத்து நாட்டுச் சிற்றூர்களின் நிலையை நேரிற்கண்டு கணக்கெடுக்கும் பணியையும் அவரிடம் ஒப்படைத்தார். குமரப்பாவுக்குக் குஜராத்தி மொழி தெரியாது. ஆயினும் அவர் தயங்கினாரல்லர். குஜராத்து வித்தியாபீடத்து மாணவர்களைத் துணைக்கொண்டு, கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் ஊர் ஊராகச் சென்றார். வீடுதோறும் நிலம், விளைவு, கால்நடை, கடன், வரி ஆகியவற்றைக் கேட்டறிந்து எழுதினார். இவ்வாராய்ச்சி 1931-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. ஏட்டில் கண்ட வறுமையை அவர் முதன்முதலாக முகத்தோடு முகம் கண்டது அவ்வூர்களிலேயாகும். ஓர் ஊரை உயர்த்த விரும்புவோர், முதலில் அவ்வூரின் உண்மை நிலையை அளந்தறிய வேண்டும் என்னும் கொள்கை அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று. பிற்காலத்தில், 1938-39-ஆம் ஆண்டுகளில், மத்திய மாகாண அரசாங்கத்திற்காக 600-க்கு மேற்பட்ட ஊர்களை அவர் தலைமையிலான குழு ஆராய்ந்ததும் இக்கொள்கையின் வழிப்பட்டதே.

பொதுப்பணத்தின் காவலர்

உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் யங் இந்தியா இதழின் பொறுப்பை ஏற்றுச் சிறை புகுந்தார் குமரப்பா. பின்னரும் பலமுறை சிறைவாசம் செய்தார். 1934-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பீகார் நாட்டைப் பெரிய நிலநடுக்கம் ஒன்று தாக்கிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், நகரங்கள் பாழாயின. இராசேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த துயர்துடைப்புக் குழுவுக்கு நாடெங்குமிருந்து பணம் குவிந்தது. அப்பணத்தின் கணக்கைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் விடப்பெற்றது.

தொண்டர் ஒருவரின் அன்றாட உணவுச் செலவுக்கென ஒரு சிறு தொகையை அவர் வரையறுத்திருந்தார். அந்நாளில் காந்தியடிகள் தம் பரிவாரத்தோடு பாட்னாவுக்கு வந்தார். அவர்தம் செலவை அந்நிதியிலிருந்து கொடுக்க இயலாது எனக் குமரப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். துன்புற்றோர்க்கென மக்கள் கொடுத்த பணம் அது. அதனைத் தொடும் உரிமை தலைவர்க்கும் இல்லை என்பது அவர் கருத்து. அடிகள் சிறிதும் வருந்தவில்லை. அதுவே முறை என ஏற்றுக்கொண்டார். தாம் தெய்வமெனப் போற்றிய தலைவர்க்காகவும் கணக்கை வளைக்காத நேர்மையே குமரப்பாவின் உயிர்நாடி. நிறுவனங்கள் நெடிது நிற்பதும் இத்தகைய நேர்மையினாலன்றோ?

மகன்வாடியில் செய்த தொண்டு

அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றிற்று. குமரப்பா அதன் செயலாளராகவும் அமைப்பாளராகவும் பொறுப்பேற்றார். வார்தா நகரில் ஜம்னாலால் பஜாஜ் என்னும் வள்ளல் தம் தோட்டத்தைச் சங்கத்திற்கு நல்கினார். காந்தியடிகளின் உறவினரும் தொண்டருமாகிய மகன்லாலின் நினைவாக அவ்விடம் மகன்வாடி எனப் பெயர் பெற்றது.

அங்கே குமரப்பா நூல்களை மட்டும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. நெல்லை உமி நீக்கும் திரிகை சுழன்றது. எண்ணெய்ச் செக்கு ஆடிற்று. காகிதத் தொட்டியில் கூழ் கலக்கப்பெற்றது. தேனீப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஈச்சமரத்துப் பதநீர் வெல்லமாகக் காய்ச்சப்பெற்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர் வந்து இத்தொழில்களைக் கற்றுத் தம் ஊர்களுக்குத் திரும்பினர். கழிவுப் பொருள்கள் வீணாகாமல் எருவாக்கப்பட்டு நிலத்திற்குச் சென்றன. மண்ணெண்ணெய்க்கு மாறாகத் தாவர எண்ணெயால் எரியும் விளக்கு ஒன்று அங்கு அமைக்கப்பெற்று, மகன்தீபம் எனப் பெயர் பெற்றது. சங்கத்தின் கடிதங்கள் கையாற் செய்த காகிதத்திலே எழுதப்பெற்றன. ஊர்களில் செய்த பொருள்களைக் காட்டும் மகன் காட்சிச்சாலை 1938-ஆம் ஆண்டில் காந்தியடிகளால் திறந்து வைக்கப்பெற்றது. பிறர்க்குச் சொல்வதை முதலில் தன் வீட்டில் செய்து பார்க்கவேண்டும் என்பதே அந்நிலையத்தின் நெறி.

இத்தொழில்களை அவர் தேர்ந்தெடுத்தமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. நெல்லை ஆலையில் தீட்டும்போது தவிடும் அதிலுள்ள சத்தும் நீங்கிவிடுகின்றன. தீட்டிய அரிசியையே உண்போர்க்குப் பெரிபெரி என்னும் நோய் வரக்கூடும். நெல்குத்திப் பிழைத்த ஏழைப் பெண்களின் கூலியும் போய்விடுகிறது. எள்ளும் நிலக்கடலையும் தொலைவிலுள்ள ஆலைக்குச் சென்றால், எண்ணெய் மட்டும் விலைக்குத் திரும்பி வரும், பிண்ணாக்கு வாராது. மாட்டுக்குத் தீவனம் குறையும். மாட்டின் சாணம் குறைய நிலத்தின் வளமும் குன்றும். ஊர்ச்செக்கிலோ எண்ணெய் மனிதர்க்கும், பிண்ணாக்கு மாட்டுக்கும், எரு மண்ணுக்குமாகச் சுழன்று அவ்வூரிலேயே தங்குகின்றன. கரும்புக்கு நல்ல நிலமும் மிகுந்த நீரும் வேண்டும். பனையும் ஈந்தும் வறண்ட தரிசிலும் தாமே வளர்ந்து வெல்லம் தரும். ஆதலின் பனைவெல்லத்தால் இனிப்பைப் பெற்று, நன்செய் நிலத்தை உணவுப் பயிருக்கு விடுக என அவர் அறிவுறுத்தினார்.

கைப்பொருளின் விலை மிகுதியன்றோ என அக்காலத்தில் பலர் வினவினர். அவ்வினா பொருளற்றது அன்று. ஆலைக் காகிதம் மலிவாகவும் கைக்காகிதம் விலை மிகுந்தும் இருந்தமை உண்மையே. இதற்குத் தணிக்கையாளராகிய குமரப்பா விடை கூறினார். ஆலைப்பொருளின் விலையில் அதன் முழுச்செலவும் எழுதப்பெறவில்லை என்பது அவர் முடிவு. தொழிலை இழந்த கைவினைஞரின் பசி அக்கணக்கில் இல்லை. சத்திழந்த உணவால் வரும் நோய் அக்கணக்கில் இல்லை. மூலப்பொருளையும் சந்தையையும் கைப்பற்ற நாடுகள் நடத்தும் போரின் செலவும் இல்லை. கடைக்காரனுக்குக் கொடுக்கும் காசு குறைவு. மீதியைப் பெயர் தெரியாத ஏழை ஒருவன் கொடுக்கிறான். ஆதலின், ஒரு பொருளை வாங்குபவன் அது வந்த வழியையும் ஆராய்ந்து வாங்கக் கடமைப்பட்டவன் என அவர் வற்புறுத்தினார்.

அவர் எந்திரம் அனைத்தையும் வெறுத்தவர் என எண்ணுதல் பொருந்தாது. இருப்புப் பாதை போன்று பெருமுதல் வேண்டும் பொதுத்தொழில்கள் தனியார் ஊதியத்திற்காக அன்றிப் பொதுநலத்திற்காக நடத்தப்பெறலாம் என அவர் ஒப்புக்கொண்டார். மக்களின் உணவும் உடையும் மட்டும் அவர்தம் கையைவிட்டுப் போகலாகாது என்பதே அவர் கொள்கை.

சிறையில் எழுந்த நூல்

1942-ஆம் ஆண்டு விடுதலைப் போராட்டத்தை ஒட்டிக் குமரப்பா மீண்டும் சிறைப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையிலிருந்தபோது அவர் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று, ஏசுபெருமானின் வாழ்வும் நெறியும் பற்றியது. மற்றொன்று, நிலைபேறுடைய பொருளியல் பற்றியது. 1945-ஆம் ஆண்டில் காந்தியடிகள் இவ்விரண்டிற்கும் முன்னுரை எழுதினார். சமயநூல் வல்லார் என்றும் கிராமத் தொழில் வல்லார் என்றும் இரு பட்டங்களை அடிகள் தாமே நல்கி அவரைச் சிறப்பித்தார்.

நிலைபேற்றுப் பொருளியலில் குமரப்பா இயற்கையையே ஆசிரியராகக் கொள்கிறார். புலி பிற உயிரைக் கொன்று தின்கிறது; அஃது ஒன்றையும் ஆக்குவதில்லை. குரங்கு தான் நடாத மரத்தின் கனியைப் பறிக்கிறது. மரத்தைக் கொல்வதில்லையெனினும் அதற்கு ஒன்றும் செய்வதில்லை. கூடுகட்டும் பறவை தன் உழைப்பால் ஆக்கியதைத் தான் நுகர்கிறது. தேனீயோ தனக்கென அன்றித் தன் கூட்டத்திற்கெல்லாம் தேன் சேர்க்கிறது. தாய்ப்பறவை எப்பயனும் கருதாது குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. மனித சமுதாயங்களும் இவ்வைந்து படிகளில் ஏதேனும் ஒன்றில் நிற்கின்றன. புலியின் படியில் நிற்பது வன்முறையும் அழிவும் உடையது. தாய்ப்பறவையின் படியில் நிற்பதே நிலைத்தது. ஒரு நாடு எவ்வளவு பொருள் ஈட்டிற்று என வினவுதல் போதாது. எப்படியில் நின்று ஈட்டிற்று எனவும் வினவவேண்டும்.

இன்னொரு பாகுபாட்டையும் அவர் செய்தார். நிலக்கரி, பெட்ரோலியம், இரும்பு முதலியன, நீர்வரத்து இல்லாக் குளத்தில் தேங்கிய நீரைப் போன்றவை. எடுக்க எடுக்கக் குறைவன. ஆண்டுதோறும் வளரும் மரமும், விளையும் பயிரும், மாட்டின் உழைப்பும் ஓடும் ஆற்றைப் போன்றவை. அளவறிந்து எடுப்பின் என்றும் குறையாதவை. காட்டில் ஓராண்டில் வளரும் அளவுக்கே மரம் வெட்டினால் காடு என்றும் காடாகவே நிற்கும். தேங்கியதையே நம்பி வாழும் நாடுகள், அது குறையுந்தோறும் பிறர் குளத்தைப் பறிக்கப் படையெடுக்கும். ஆதலின் போரின் வேர் பாசறையில் இல்லை. அன்றாட நுகர்ச்சியிலேயே உள்ளது. இரண்டாம் உலகப் பெரும்போர் நிகழ்ந்த காலத்திலே, சிறைக்கோட்டத்தில் இருந்து அவர் கண்ட முடிவு இது.

ஊரே தன் உணவை விளைத்தல்

இக்கொள்கையை ஊர்கள் கைக்கொள்ளும் வழியையும் அவர் வகுத்தார். நிலம் முதற்கண் அவ்வூர் மக்களின் உணவுக்கும் உடைக்கும் உரியது. எஞ்சியதே சந்தைக்கு உரியது. மக்கள்தொகைக்கு ஏற்ப, தானியத்திற்கு இவ்வளவு, பருப்புக்கு இவ்வளவு, எண்ணெய் வித்துக்கும் காய்கனிக்கும் பருத்திக்கும் இவ்வளவு எனச் சமநிலைப்பட நிலத்தைப் பகுத்துப் பயிரிட வேண்டும் என அட்டவணையிட்டுக் காட்டினார். சோறு விளைய வேண்டிய நிலத்தில் ஆலைக்கு வேண்டிய பயிரை விளைவித்து, அதை விற்ற காசுக்கு வேற்றூர் அரிசியை எதிர்பார்ப்பது ஆபத்தானது என எச்சரித்தார். பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தானியத்தைச் சேமிக்கவும், பதப்படுத்தவும், மிகுதியை விற்கவும், தொழிலுக்குக் கருவி வழங்கவும் வேண்டும் என்றார்.

உழுவோர்க்கு நிலம் இல்லையாயின் இத்திட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். நாடு விடுதலை பெற்றபின், காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவரானார். 1949-ஆம் ஆண்டில் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, இடைத்தரகர் நீங்கி உழுவோர்க்கு உரிமை வரவேண்டும் எனவும், ஒருவர் வைத்திருக்கும் நிலத்திற்கு உச்ச வரம்பு வேண்டும் எனவும் பரிந்துரைத்தது.

தனிவழி நின்றமை

குமரப்பாவின் வாழ்க்கை வெற்றிகள் மட்டும் நிறைந்தது அன்று. 1938-ஆம் ஆண்டில் நேருவின் தலைமையில் தேசியத் திட்டக்குழு அமைந்தபோது அவர் அதில் இடம்பெற்றார். பெருந்தொழில்களையே முதன்மையாகக் கருதிய அக்குழுவின் போக்கு தம் நெறிக்கு ஒவ்வாமையால் விரைவிலேயே விலகினார். விடுதலைக்குப் பின் நாடு பெரிய ஆலைகளையும் பெரிய அணைகளையும் நாடிச் சென்றது. பசியால் வாடிய மக்களுக்கு விரைவில் உணவும் தொழிலும் தரவேண்டும் என்பது ஆட்சியாளரின் கவலை, அக்கவலையும் உண்மையானதே. எனினும் விரைவையே கருதி முதற்பொருளை உண்ணத் தொடங்கினால், பின்வரும் தலைமுறை எதனை உண்ணும் என்பது குமரப்பாவின் கவலை. இரசாயன உரமும் உழவு எந்திரமும் மண்ணின் இயல்பான வளத்தைக் கெடுக்கும் என அவர் எழுதியபோது, காலத்துக்கு ஒவ்வாதவர் என அவரைப் பலர் எள்ளினர்.

அவரிடம் ஒரு குறையும் இருந்தது. அவர் விரைவில் சினம் கொள்பவர். உண்மையெனத் தாம் கண்டதைக் கடுஞ்சொல்லால் கூறுவார். அதனால் நண்பர் சிலர் வருந்தியதும் உண்டு. ஆயினும் அச்சினம் தன்னலம் பற்றியது அன்று என்பதை அவரோடு பழகினோர் நன்கறிவர். மணம் புரியாமல், சொத்துச் சேர்க்காமல், தம் தேவைகளை மிகச் சுருக்கி வாழ்ந்த அவர்க்குத் தமக்கென இழக்கவோ பெறவோ ஒன்றும் இருக்கவில்லை.

இறுதி நாட்கள்

உடல்நலம் குன்றிய குமரப்பா, தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். அங்கே ஒரு சிறுவீட்டில் எளிமையாக வாழ்ந்தார். காந்தியடிகளின் படமும், ஏழைக் கிராமவாசி ஒருவரின் படமும் அவர் வீட்டுச் சுவரில் இருந்தன. தம்மைக் காண வந்தவர்க்கு அடிகளின் படத்தைக் காட்டித் தம் தலைவர் என்பார். மற்றப் படத்தைக் காட்டி, அவர் தம் தலைவருக்கும் தலைவர் என்பார். அவர்தம் பொருளியல் முழுதும் இவ்விரு படங்களுள் அடங்கும்.

1960-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் குமரப்பா இயற்கை எய்தினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் அடிகள் மறைந்த நாளும் அதுவே.

அவர் எழுதிய கணக்கை உலகம் நெடுங்காலம் திறந்து பார்க்கவில்லை. 1987-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அமைத்த ஆணைக்குழு ஒன்று, வருங்காலத் தலைமுறையின் தேவையைக் கெடுக்காமல் நிகழ்காலத் தேவையை நிறைவுசெய்வதே நிலைத்த வளர்ச்சி என வரையறுத்தது. குமரப்பாவின் நூல் வெளிவந்து அப்போது நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் அளவின்றி எரித்ததனால் பூமி வெப்பமடைந்து வருவதை இன்று அறிவியலார் நிலைநாட்டியுள்ளனர். ஆழ்துளைக் கிணறுகளால் உறிஞ்சப்பட்டுப் பல ஊர்களில் நிலத்தடி நீர் தாழ்ந்துள்ளது. தேங்கியதை உண்பது பற்றி அவர் எழுதிய எச்சரிக்கையின் பொருள் இப்போதுதான் பலர்க்கு விளங்குகிறது.

ஆயினும் அவர் நெறியைப் பேரரசுகள் மட்டுமே மேற்கொள்ள இயலும் என எண்ணிச் சும்மா இருத்தல் தகாது. ஒரு பள்ளி தன் தோட்டத்துச் சருகை எரிக்காமல் எருவாக்கலாம். ஓர் ஊர் தன் ஏரியைத் தூர்வாரி மழைநீரைத் தேக்கலாம். ஒரு சங்கம் தன் வரவுசெலவோடு, தான் செலவிட்ட நீரையும் எரிபொருளையும் சேர்த்துக் கணக்கெழுதலாம். ஒரு குடும்பம், வாங்கும் பொருள் எவர் உழைப்பில் எவ்வழியே வந்தது என ஆராய்ந்து வாங்கலாம். களஞ்சியத்தைத் திறக்கும்போதெல்லாம், கையில் எடுப்பது விளைநெல்லா விதைநெல்லா என ஒருகணம் எண்ணிப் பார்ப்பவர் குமரப்பாவின் வழிநிற்பவர் ஆவர். அவ்வழியே குடியும் ஊரும் நாடும் நிலைபெறும்.